சர்க்கரையும் ஈறும்: ஒரு குறிப்பு

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் ஆட ஆரம்பித்தபோது, "வயசாச்சுல்ல" என்று விட்டுவிட்டோம். பல் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "மூணு மாச சர்க்கரை எவ்வளவு?" ஒன்பதுக்கு மேலே. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் படித்தேன்.

ஈறு நோயைத் தொடங்கி வைப்பது பல்லோரத்தில் படியும் கிருமிப் படலம்தான். சாப்பிட்ட இனிப்பு பல்லில் பட்டுச் சொத்தை வருவது வேறு கதை. இங்கே பிரச்சினை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை.

அது வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் உடம்பின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மூணு மாச டெஸ்ட் அளப்பதே ஹீமோகுளோபினில் இப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். ஈறில் இருக்கும் கொலாஜன் நாரிலும் இதே ஒட்டல் நடக்கிறது. நார் விறைத்துப்போகிறது, சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஆனால் அழற்சி மட்டும் அடங்குவதில்லை. அது கிருமியை ஒழிக்காமல், பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. அதுதான் ஆபத்து.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புதிதாக ஈறு நோய் வருவது மற்றவர்களைவிட 2.6 மடங்கு அதிகமாக இருந்தது. 1993இல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் இதைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்றே எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று பார்க்கிறோமே, அந்த வரிசையில் ஈறும் ஒன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. ஈறின் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன. ஈறின் அடிவரை ஆழமாகச் சுத்தம் செய்தால், மூன்று நான்கு மாதத்தில் அந்த மூணு மாச அளவு சராசரியாக 0.4 புள்ளி குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன. மாத்திரைக்கு மாற்று இல்லை, ஆனால் சின்ன விஷயமும் இல்லை.

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அளக்கச் சொல்லுங்கள். மூன்று வரை சரி. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு பல்லை எடுத்தாயிற்று. இன்னொன்று நிற்கிறது. இரண்டு வருஷம் முன்னாலேயே ரத்தம் வந்ததாம். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.