பினாங்கு நில அளவும் கணினி நூலகங்களும்

பினாங்கில் ஒரு மனையின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதை நில அளவைப் படங்கள் ஜோர்ஜ் டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து கணக்கிட்டுக் கூறும். கோட்டைக்கு வடக்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு என்பது அக்கணக்கு. காசினி முறை எனப்படும் இவ்வளவையில், தீபகற்ப மலேசியாவின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. கெடாவுக்கும் பெர்லிசுக்கும் பேராக் மலை, பினாங்குக்குக் கோட்டை. கைப்பேசியோ, செயற்கைக்கோளின் துணைகொண்டு பூமியின் நடுவிலிருந்து கணக்கிடுகிறது. இவ்விரு கணக்குகளையும் இணையதளம் ஒன்றில் பொருத்த விரும்புவோர், முதலில் சில நூலகங்களைக் கணினியில் நிறுவியாக வேண்டும்.

நூலகம் என்பது ஈண்டு ஏடுகள் அடுக்கிய இடம் அன்று. ஒருவர் எழுதிவைத்த கணக்கு வழிகளைப் பிற நிரல்கள் வேண்டும்போது எடுத்தாளுமாறு தொகுத்த தொகுப்பே கணினியில் அப்பெயர் பெறும்.

இணையதளம் கட்டுவதற்குரிய சட்டகங்களுள் ஒன்று ஜாங்கோ. இது 2003-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் வெளியிடப்பட்டது. செய்தித்தாள் பயந்த பிள்ளை என்று இதனைச் சொல்லலாம்! இதன் நிலவியல் பகுதியாகிய ஜியோஜாங்கோ மூன்று நூலகங்களை நம்பி நிற்கிறது. ஒரு புள்ளி ஓர் எல்லைக்குள் உள்ளதா, இரு எல்லைகள் வெட்டிக்கொள்கின்றனவா என்று காண்பது ஜியாஸ். ஓர் அளவை முறையிலிருந்து மற்றொன்றுக்கு எண்களை மாற்றுவது புரோஜ். பலவகைப் படக்கோப்புகளைப் படிப்பது ஜிடால். இவற்றோடு, தகவல்களைச் சேமிக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்குப் போஸ்ட்ஜிஸ் என்னும் இணைப்பும் வேண்டும். போஸ்ட்கிரஸ் தனியே பெயரையும் தொகையையும் நன்கு காக்கும். நிலப்பரப்பைப் பற்றிய அறிவு அதற்குப் போஸ்ட்ஜிஸ் தந்ததே.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் அமைப்புகளில் இவற்றை ஓரிரு கட்டளைகளால் வரவழைத்துவிடலாம். விண்டோசில் தனி நிறுவியைக் கொண்டு இறக்கி, ஜிடால் இருக்கும் இடத்தை ஜாங்கோவின் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க நேரும். பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. போஸ்ட்ஜிஸ் கணினிக்குள் வந்துவிட்டதாலேயே தரவுத்தளம் அதனை அறியாது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் சென்று, அவ்விணைப்பை ஆக்குக என ஒருமுறை ஆணையிடல் வேண்டும். அதற்குரிய உரிமையும் பயனருக்கு இருத்தல் வேண்டும்.

பதிப்புகள் ஒத்துப்போகாமையும் ஒரு தொல்லையே. ஜாங்கோ தனக்குத் தெரிந்த பெயர்களைக் கொண்டுதான் ஜிடாலைத் தேடுகிறது. ஜாங்கோ பழையதாகவும் ஜிடால் மிகப் புதியதாகவும் இருந்தால், கண்முன் உள்ள நூலகத்தையே காணவில்லை என்று கூறிவிடும். எனினும் இப்பிழை நல்ல பிழை, வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. அஞ்சத்தக்கவை வாய் திறவாத பிழைகள்.

அவற்றுள் ஒன்று எண்களின் வரிசை. ஜியோஜாங்கோவில் ஒரு புள்ளியைக் குறிக்குங்கால் நெடுங்கோடு முன்னும் அகலாங்கு பின்னும் வரும். பினாங்கின் எண்கள் 100-உம் 5-உம். இவற்றை மாற்றி எழுதினால் 100 பாகை வடக்கு என்றாகும். துருவமே 90 பாகையில் முடிவதால் பிழை உடனே வெளிப்படும். பினாங்குக்கு வாய்த்த நற்பேறு இது. சென்னைக்கோ அப்பேறில்லை. அதன் 80-உம் 13-உம் இடம் மாறினால், நகரம் வடதுருவக் கடலில் போய் அமைதியாக அமர்ந்துகொள்ளும்.

மற்றொன்று அளவை முறை. மலாயாவின் பழைய நிலப்படங்கள் பகாங்கிலுள்ள கெர்தாவ் என்னும் இடத்தையும், எவரெஸ்ட் வகுத்த பூமி வடிவத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. அவ்வடிவம், 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய அளவையின் வழிவந்தது. அந்த எண்களை மாற்றாமலே இன்றைய படத்தில் இட்டால், இடம் நூறு மீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளிப்போகும். குவீன் தெருவிலுள்ள மாரியம்மன் கோயில் தன் தெருவை விட்டு நகர்ந்துவிடும் என்றால் தொலைவு விளங்கும். இது வேடிக்கையன்று. ஜோர்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் மையப் பகுதி 109.38 ஹெக்டேர்; அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். ஒரு கடைவீடு எக்கோட்டிற்கு உள்ளே நிற்கிறது என்பது தெரு அளவில் பிழைபட்டால், அதன் உரிமையாளருக்குக் கிடைக்கும் விடையும் பிழைபடும்.

இத்தகைய முறைகளுக்கெல்லாம் உலகப் பொதுவான எண்கள் உண்டு. செயற்கைக்கோள் முறைக்கு 4326. பினாங்குக் கட்டத்துக்கு, இன்றைய மலேசிய அடிப்படையில், 3382. புரோஜ் தன்னுடன் வரும் ஒரு சிறு தரவுக் கோப்பில் இவற்றின் பொருளைப் பார்த்துக்கொள்ளும். அக்கோப்பு காணாமற்போயினும், வேறு பதிப்பினதாயினும் மாற்றம் நிகழாது.

நிறுவல் முடிந்ததும் பினாங்கில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. கைப்பேசியில் கோட்டையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, 4326-இலிருந்து 3382-க்கு மாற்றச் சொல்லுதல். விடை இருபுறமும் பூச்சியத்தை ஒட்டிச் சில நூறு மீட்டருக்குள் வருதல் வேண்டும். பல்லாயிரமாக வந்தால், முதலில் எண்களின் வரிசையையும், அடுத்துப் புரோஜின் தரவுக் கோப்பையும் பார்க்க வேண்டும்.