நிலம் நடுங்கும் வேளையில்

புங்குடுதீவு மடத்துவெளியில் நிற்கும் பனை, சோளகக் காற்றில் எவ்வளவு அசைந்தாலும் வேரோடு பெயர்வது அரிது. இரும்புச் சட்டக் கட்டடத்துக்கும் அத்தகைய பிடிப்பு வேண்டும்.

நிலநடுக்கம் நம் நாடு அறியாததன்று. 1615ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் கொழும்பில் வீடுகள் பல இடிந்தன, உயிர்கள் மாண்டன.

நிலம் குலுங்கும்போது, தூண்களுக்கிடையே குறுக்காகப் பூட்டிய சாய்சட்டங்கள் பக்கவிசையைத் தாங்குகின்றன. அவ்விசையால் ஒரு தூண் கீழே அழுந்தும். மற்றது மேலெழ முனையும். கணப்பொழுதில் இந்நிலை மாறிமாறி நிகழும். ஆதலின் அடித்தளம் பாரத்தைச் சுமப்பதோடு, தூணை இறுகப் பிடித்தலும் வேண்டும். கனத்த கொங்கிறீற்றும் அதில் ஆழப் பதித்த நங்கூர ஆணிகளும் அப்பணியைச் செய்வன.

சாய்சட்டம் முதலில் நெளியட்டும், அடித்தளம் நிலைக்கட்டும் என்பதே பொறியியலார் வகுத்த முறை. நெளிந்த சட்டத்தை மாற்றிவிடலாம். பெயர்ந்த அடித்தளத்தைச் சீர்செய்தல் எளிதோ? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நாம் சிக்கனம் பாராதிருப்போமாக.