விற்பனைக் கூடத்துக் கணிப்பொறி வலை: அதன் உறுப்புகளும் உபயோகமும்

திருச்செங்கோட்டுப் பகுதியில் மஞ்சள், பருத்தி, எள் முதலியன விளைவிக்கும் குடியானவர்கள் தங்கள் சரக்கைக் கூட்டுறவுச் சங்கத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ ஏலத்தில் விற்பது வழக்கம். முன்னாளில் வாயிலிலும், எடை மேடையிலும், காசாளரிடமும் தனித்தனிப் பேரேடுகள் இருந்தன. இக்காலத்தில் அவ்வேலைகள் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. "சர்வர் வேலை செய்யவில்லை, பொறுங்கள்" என்ற சொல்லைக் கேட்டு மூட்டைகளருகே காத்திருக்க நேர்ந்தவர்கள் பலர். அவ்வாறு நின்றுபோவது எது என்பதை அறிந்துகொள்வது அவர்களுக்கு அனுகூலமாகும்.

ஒரே வளாகத்திலுள்ள கணிப்பொறிகளைப் பிணைக்கும் ஏற்பாட்டிற்குக் குறும்பரப்பு வலை என்று பெயர். லேன் என்றும் வழங்குவர். இவற்றுள் பெரிதும் பரவியுள்ள ஈதர்நெட் முறையை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்பவர்கள் உருவாக்கினர்.

இதன் உறுப்புகளைக் கிணற்றுப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பேரேட்டைத் தன்னிடம் வைத்திருந்து, கேட்கும் கணிப்பொறிகளுக்கெல்லாம் வழங்கும் சர்வர், கிணறு போன்றது. கம்பியே வாய்க்கால். அதனுள் எட்டுச் செம்புக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் அதை இழுத்தல் கூடாது. கம்பிகள் வந்து கூடுமிடத்திலுள்ள ஸ்விட்ச் என்னும் பெட்டி, மடை திருப்புகிறவனைப் போன்றது. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் வேண்டுமோ அதற்கு மாத்திரம் அவன் திருப்புவதுபோல், எந்தக் கணிப்பொறிக்குரிய செய்தியோ அதற்கே இப்பெட்டி அனுப்பும். ரௌட்டர் என்பது நம் தோட்டத்து வாய்க்கால் ஊர்ப் பொது வாய்க்காலோடு சேருமிடத்து மதகாகும்; அதற்கு அப்பாலுள்ளதே இணையம்.

செய்தி முழுவதும் ஒரே வீச்சில் செல்வதில்லை. ஒரு பாரம் மஞ்சளை மூட்டைகளாகக் கட்டி, மூட்டைக்கு மூட்டை குறியிடுவதுபோல், செய்தியும் சிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அனுப்புவோர், பெறுவோர் விலாசங்கள் பொறிக்கப்படும். பெறும் கணிப்பொறி அவற்றை வரிசைப்படுத்திச் சேர்த்துக்கொள்ளும்.

இதன் உபயோகம் யாதெனில், ஓரிடத்தில் பதிந்ததை மற்றோரிடத்தில் திரும்ப எழுத வேண்டுவதில்லை. ஒரே அச்சுப்பொறியைப் பலரும் பயன்படுத்தலாம். 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பெற்ற இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தையில் சேர்ந்த கூடங்களில், வாயிற்பதிவு, தரப்பரிசோதனை, விலை கோருதல், எடை, பட்டுவாடா ஆகிய யாவும் ஒரே சரக்கு எண்ணின்கீழ் தொடர்ந்து செல்கின்றன.

ஆனால் அச்சந்தையின் பேரேடு கூடத்திற்கு வெளியே இருப்பது. ஆகவே வெளித்தொடர்பு அறுந்தால், உள்வலை நன்றாயிருப்பினும் ஏலம் நின்றுபோகும். அலுவலக அச்சுப்பொறி எல்லா மேசைகளிலிருந்தும் இயங்கி, சந்தைப் பேரேடு மாத்திரம் திறவாதிருந்தால், குற்றம் பெரும்பாலும் மதகுக்கு அப்பால் என்று கொள்ளலாம். ஒரே ஒரு மேசை மாத்திரம் நின்றிருந்தால் அம்மேசையின் கம்பியை முதலில் பார்க்க வேண்டும். கிடங்குகளில் எலி கடித்தலும், முனை தளர்தலும் சாதாரணமாய் நேர்வன. கிடங்கிற்கும் அலுவலகத்திற்கும் இடையே செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழை போடுதல் நலம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகையால், கோடை மழைக் காலத்து இடியின் வேகம் அதன் வழியே ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றிற்குப் பாயாது.

முடிவாகக் குடியானவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வாய்க்கால் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பாராது. விட்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதுபோலவே, எடை மேடையில் 68 கிலோ என்பதை 86 என்றோ, 86-ஐ 68 என்றோ பதிந்துவிட்டால், வலை அப்பிழையை எல்லா மேசைகளுக்கும் தவறாமல் கொண்டுசெல்லும். முன்பு மூன்று பேரேடுகளை ஒத்துப் பார்க்கையில் வெளிப்பட்ட பிழை, இப்பொழுது ஒரே பேரேடாகையால் தானாக வெளிப்படாது. ஆகையால் பெயர், சரக்கு எண், மூட்டைக் கணக்கு, எடை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சீட்டு அச்சானவுடன் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் பிறரைக் கொண்டு படிக்கச் செய்து, பணம் வந்து சேரும்வரை அச்சீட்டைப் பத்திரமாய் வைத்திருத்தல் வேண்டும்.