விளையாட்டு வீரர் அட்டைகளைப் பேணும் முறை

புனே நகரில் 2012-இல் ஒரு கிரிக்கெட் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. அங்கு வைக்கப்பட்டுள்ள மட்டைகளும் சட்டைகளும் எல்லோர்க்கும் கிட்டுவன அல்ல. மாணவர் கைக்கு எளிதில் வருவன வீரர் படம் அச்சிட்ட அட்டைகளே. சிகரெட் உறை நசுங்காதிருக்கச் செருகிய தடித்த தாளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படம் அச்சிட்டதிலிருந்து இவை தோன்றின.

இவற்றின் பெரும் பகை ஈரம். புனேயில் ஏப்ரல் மாதக் காற்று மிக உலர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தாளின் செல்லுலோஸ் இழைகள் நீராவியை ஏற்றுப் பருக்கின்றன, உலருங்கால் சுருங்குகின்றன. மெருகிட்ட முன்புறம் அவ்வளவு பருப்பதில்லை. ஆகவே அட்டை வளைகிறது. பயனற்ற அட்டை ஒன்றின் பின்புறத்தை ஈரத் துணியால் தடவி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடிக்குமாயின் பூஞ்சை பற்றக்கூடும்.

மலிவான பி.வி.சி. உறைகளை வாங்குதல் வீண் சிக்கனம். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் கசிந்து மையைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையே ஏற்றது. பசையால் ஒட்டுதல் அறவே கூடாது. பின்புறத்திலுள்ள எண்ணும் குறிப்பும் மறைந்துவிடும்.

அவ்வெண்ணே அடுக்குவதற்கும் ஆதாரம். வீரர் பெயர்ப்படி அடுக்குவோர் பலர்; ஆனால் தொகுதி, ஆண்டு, எண் என்னும் முறையில் அடுக்கினால்தான் விடுபட்டவை உடனே புலப்படும். பட்டியலைத் தனி ஏட்டில் எழுதுக, அட்டைமீது எழுதற்க. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலமிட்ட மூடிய பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் அப்பொட்டலத்தை அவ்வப்போது மாற்றி வருதல் வேண்டும்.