மேடைக் கூச்சமும் 1908 தூத்துக்குடியும்

மேடைக் கூச்சத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்துகள் மூன்று: கண்ணாடி முன் பேசிப் பழகு, மூச்சை இழுத்து விடு, எதிரே இருப்பவர்களை மறந்துவிடு. முதல் இரண்டால் கெடுதல் இல்லை. மூன்றாவதுதான் நோயை வளர்க்கிறது. கேட்பவர்களை மறந்தவருக்குக் கவனிக்க மிஞ்சுவது தன் வியர்வையும் நடுக்கமும்தான். பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் ஊருக்கே தெரிவதாக நினைக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அந்த அளவு தெரிவதில்லை என்று உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது மாணவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். முதலில் கவனிக்கவேண்டியது அவையைத்தான் என்பதுபோல், திருக்குறளிலும் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இந்த வரிசையைத் தூத்துக்குடியில் பார்க்கலாம். சுதேசி இயக்கத்துக்கு முன்பு அரசியல் பேச்சு பெரும்பாலும் மண்டபங்களுக்குள், ஆங்கிலத்தில், படித்தவர்கள் படித்தவர்களுக்குப் பேசியது. சாமானியர்களை நோக்கித் தமிழில் பேசும் அரசியல் மேடை சுதேசி இயக்கத்தில்தான் உருவானது என்கிறார் ஆய்வாளர் பெர்னார்ட் பேட். அந்த மேடையில் சுதேசித் தலைவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஒலிபெருக்கி இல்லாமல் தொண்டையை நம்பிப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பேச்சைக் கேட்க வந்த அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியும் வேலைநேரமும் வார விடுமுறையும் வாழ்வுப் பிரச்சினைகள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. எதைப் பேசுவது என்பதைக் கூட்டமே முடிவு செய்துவிட்ட இடத்தில், தன்னை நினைத்து நெளியப் பேச்சாளருக்கு நேரம் ஏது?

வ.உ.சி. வக்கீல், அவருக்கு நாக்கு பழகியிருந்தது என்று மறுக்கலாம். ஆனால் சட்டப்பிரிவுகளை அடுக்கி ஒரு நீதிபதியை இணங்க வைப்பதும், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தைக் கட்டிப்போடுவதும் வேறு வேறு வித்தைகள். வ.உ.சி.யும் சிவாவும் அஞ்சாத பிறவிகள் என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் அஞ்சுவதற்குக் காரணங்கள் இருந்தன. கூட்டத்தில் குறிப்பெடுத்தவர்களில் காவல்துறையினரும் உண்டு. மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார் (மேல்முறையீட்டில் பின்னர் குறைந்தன). அவர்கள் உள்ளுக்குள் பயப்படவில்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பேசினார்கள் என்பதற்கோ காவல்துறைக் குறிப்புகளே சாட்சி! பயம் ஒழிந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

கல்லூரிக் கருத்தரங்கில் போராட்ட உணர்ச்சிக்கு எங்கே போவது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. உணர்ச்சி வேண்டாம், கேட்பவர் மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே அதைத் தொட்டால் போதும். கூட்டத்தை நினைத்தாலே படபடத்து, படிப்பையும் வேலையையும் விடும் நிலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் உளவியல் சிகிச்சையை நாடுவதே சரி. சிறு குழுவில் தொடங்கிப் படிப்படியாகப் பேசவைக்கும் அந்தச் சிகிச்சையிலும், கவனத்தைத் தன் உடலிலிருந்து எதிரே இருப்பவர் பக்கம் திருப்பும் பயிற்சி இடம்பெறுகிறது.