நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள்

 

உளூச் செய்யும் தண்ணீரின் நிறம், ருசி, வாடை மாறியிருக்கிறதா என்று பார்க்க மதரஸாவிலேயே கற்றிருக்கிறோம். இம்மூன்றும் மாறாமலே உடலுக்குத் தீங்கு செய்யும் அசுத்தமும் உண்டு.

இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன், டிரைகிளீனிங் கடைகளில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் ஆகிய குளோரின் சேர்ந்த திரவங்கள் அந்த வகை. இவை தண்ணீரைவிடக் கனமானவை. தரையில் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரின் அடியில் தங்கி, பல்லாண்டுகள் சிறிது சிறிதாகக் கரையும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வோபர்ன் நகரில் 1979-இல் இரண்டு குடிநீர்க் கிணறுகளை இதனால் மூடினார்கள். அவ்வூர்ப் பிள்ளைகளிடம் இரத்தப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்பட்டது.

நீரை இறைத்துச் சுத்தம் செய்வது பல்லாண்டு வேலை, செலவும் அதிகம். இதற்கு அல்லாஹ் வேறொரு வழியை மண்ணிலேயே வைத்திருக்கிறான். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாக்கடைக் கழிவின் சேற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். டீஹாலோகாக்காய்டிஸ் என்பது அதன் இனப்பெயர். காற்றில்லாத இடத்தில் வாழ்வது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் அது இந்த நஞ்சைப் பயன்படுத்தி வாழ்கிறது. குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது எத்திலீன், அதாவது பழம் பழுக்கும்போது வெளிவரும் அதே வாயு. இதற்குத் தேவையான ஹைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் உண்டாக்கித் தருகின்றன. அவற்றுக்கு உணவாக மொலாசஸ், தாவர எண்ணெய் போன்றவற்றைப் பூமிக்குள் செலுத்துகிறார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு தங்கிவிடும். அதுவும் புற்றுநோய் உண்டாக்கும். முதலில் இருந்த நஞ்சைவிடக் கொடியது. ஆகவே அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டெலாவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்தில் உணவு மட்டும் கொடுத்தபோது வேலை நடுவழியில் நின்றுவிட்டது. ஃபுளோரிடாவிலிருந்து கொண்டுவந்த நுண்ணுயிர்க் கலவையைச் செலுத்திய பிறகே எத்திலீன்வரை போய் முடிந்தது.

சுத்தம் செய்ய வழி இருக்கிறது என்பதற்காக அசுத்தம் செய்யலாமா? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைக்கூட நம் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பட்டறை, சலவை, பெயிண்ட் தொழில்களில் உள்ள சகோதரர்கள் தின்னர், கழிவு எண்ணெய், பிசுக்கு நீக்கும் திரவம் எதையும் மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். மூடிய டப்பாவில் சேர்த்து, முறையாகக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் கொதிக்க வைத்துக் குடிப்பது தீர்வல்ல. இந்த நஞ்சு ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதே சரி.

நாம் ஊற்றுவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேரும். அண்டை வீட்டாரின் ஹக்கில் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்