உஷார்! டூர் டி பிரான்ஸ் கடைசி நாளில் பாரிஸ் போகிறீர்களா?

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முடிவையும் பார்க்க வேண்டும், பாரிஸையும் சுற்ற வேண்டும் என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்குத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? முதல் வேலையாகத் திரும்பும் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு இரவு என்று இருந்தால் இன்றைக்கே அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசிக் கட்டம் பிற்பகல் நாலு மணி வாக்கில் ஊருக்கு வெளியே கிளம்பி, ஏழு, ஏழரை மணிக்குத்தான் ஷான்ஸெலிஸே சாலையில் முடியும். அதன் பிறகு பரிசளிப்பு. அதன் பிறகு பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் அதே மெட்ரோ படிக்கட்டுகளை நோக்கி நடப்பார்கள். ஒன்பது மணிக்கு விமானம் என்றால் பிடிக்கவே முடியாது. லண்டனுக்கு யூரோஸ்டார் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி: ரயில் கிளம்ப அரை மணி இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் சோதனையையும் தாண்டியாக வேண்டும்.

அடுத்த ஆபத்து வரைபடத்தில் இருக்கிறது. 1975 முதல் இந்தப் பந்தயம் ஷான்ஸெலிஸேயில்தான் முடிகிறது. ஒலிம்பிக்குக்காக 2024-ல் மட்டும் நீஸ் நகரத்துக்குப் போனது. வீரர்கள் அந்தச் சாலையில் ஏறி, ஆர்க் தெ திரியோம்ப் வளைவைச் சுற்றி இறங்கி, கான்கார்ட் சதுக்கம், ரிவோலி தெரு வழியாகத் திரும்பத் திரும்ப வட்டமடிப்பார்கள். அந்த வட்டத்தை ஒட்டித்தான் லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கிறது. "காலையில் லூவ்ர், மத்தியானம் பந்தயம், சாயங்காலம் ஈஃபில் கோபுரம்" என்று எழுதி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். பாதையை ஒட்டிய சாலைகள் மூடியிருக்கும். சில மெட்ரோ நிலையங்களில் ரயில் நிற்காது. டாக்ஸி சுற்றிச் சுற்றிப் போகும். எதிர்ப்பக்கம் போகப் பல இடங்களில் பூமிக்கு அடியில்தான் வழி. லூவ்ரையும் ஈஃபிலையும் வெள்ளி, சனியிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தயம் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

2025-லிருந்து சிக்கல் இரட்டிப்பாகிவிட்டது. முந்தைய ஆண்டு ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தின்போது மோன்மார்த் குன்றில் திரண்ட கூட்டத்தைப் பார்த்த டூர் அமைப்பாளர்கள், தங்கள் கடைசிக் கட்டத்தையும் அந்தக் குன்றில் மூன்று முறை ஏற்றி இறக்கினார்கள். 1.1 கிலோமீட்டர் ஏற்றம். கருங்கல் பாவிய, ஒடுங்கிய ரூ லெபிக் தெரு. அன்றைக்கு மழை வேறு. வழுக்கலுக்குப் பயந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே ஒட்டுமொத்த நேரக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அப்படியும் ஒட்டுமொத்தத்தில் முதலிடத்தில் இருந்த பொகாச்சர் விடாமல் தாக்க, கடைசி ஏற்றத்தில் அவரையே உதறிவிட்டு வூட் வான் ஆர்ட் தனியாகப் போய் ஜெயித்தார். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. 2026 பாதையிலும் மோன்மார்த்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் ஓரளவு கூட்டம்தான் கொள்ளும். நிறைந்தால் போலீஸ் வழியை அடைத்துவிடும். தண்ணீர் வாங்க வெளியே போனால் திரும்பி அதே இடத்துக்கு வரலாம் என்று நம்பாதீர்கள். முதியவர்கள், சின்னக் குழந்தைகள், மூட்டுவலிக்காரர்கள் உடன் இருந்தால் குன்றை விட்டுவிட்டு ஷான்ஸெலிஸேக்கே போங்கள். அங்கே சாலையும் அகலம், வீரர்களும் பல தடவை கண்ணில் படுவார்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தடுப்புக்கு வெளியே கையை நீட்டாதீர்கள். டிவியில் பார்க்கும்போது இவர்களுடைய வேகம் உறைக்காது. தட்டையான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி, ஒருவர் முழங்கையை ஒருவர் உரசிக்கொண்டு, சாலையின் முழு அகலத்துக்கும் வருவார்கள். நடுவில் போகிறவர் ஓரத்துக்கு வர ஒரு நொடி போதும். போனைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால், உங்கள் முழங்கை அவருடைய பாதையில் இருக்கும். போன் திரை வழியாகப் பார்க்கிறவருக்குத் தூரமும் சரியாகத் தெரியாது. எங்கோ வருகிறார் என்று நினைக்கும்போதே பக்கத்தில் வந்திருப்பார்.

பிரான்ஸின் பிரித்தானி பகுதியில் 2021 பந்தயத்தின் முதல் நாளே இது நடந்தது. தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை நீட்டிக்கொண்டு, டிவி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பெண் நின்றார். வீரர்கள் வந்த திசைக்கு முதுகு. டோனி மார்ட்டின் அந்த அட்டையில் மோதி விழ, பின்னால் வந்த கூட்டமே சரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் போட்டது. 2023-ல் 15-வது கட்டத்தில், போனுடன் நீண்ட ஒரு கை செப் குஸ் மீது பட்டு, சுமார் இருபது பேர் தரையில் கிடந்தார்கள். 2018-ல் ஆல்ப் துவேஸ் மலையில் பார்வையாளர் ஒருவரின் கேமரா வார் சிக்கி வின்செஞ்சோ நிபாலி விழுந்தார். முதுகெலும்பில் முறிவோடு எழுந்து, மிதித்து, கட்டத்தை முடித்துவிட்டுத்தான் பந்தயத்தை விட்டு விலகினார். 1994-ல் ஆர்மாந்தியேர் ஊரில் படம் எடுக்க ஆசைப்பட்டு முன்னால் நின்றவர் காவலுக்கு வந்த போலீஸ்காரரே. நெலிசன் என்ற வீரர் அவர்மேல் மோத, கூடவே லோரான் ஜலாபேருக்கு முகமெல்லாம் காயம். விபத்துக்குக் காரணமான இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. அந்தப் போலீஸ்காரரைத் தவிர மற்றவர்கள் நம்மைப் போல ஆசையாகப் பார்க்க வந்தவர்கள்தான்.

அதனால் பையின் வார், கழுத்தில் தொங்கும் கேமரா, துப்பட்டா நுனி, கொடி எல்லாவற்றையும் உங்கள் உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். மழை வந்தால் குடை விரிக்காதீர்கள், மழைக்கோட்டு போதும். செல்ஃபிக் குச்சியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீரர்கள் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் ஒன்று பந்தயப் பாதையில் வரும். தொப்பி, மிட்டாய், சாவிக்கொத்து என்று வீசிக்கொண்டே போவார்கள். சாலையில் விழுந்த ஒரு மிட்டாய்க்காகக் குழந்தை ஓடும்; அடுத்த வண்டி பின்னாலேயே வரும். இந்த ஊர்வல வண்டிகளில் அடிபட்டு 2000-லும் 2002-லும் சிறுவர்கள் இறந்திருக்கிறார்கள். பாரிஸுக்குள் தடுப்பு உண்டு. ஊருக்கு வெளியே நின்று பார்த்தால் பல இடங்களில் தடுப்பே கிடையாது. குழந்தையின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும், அவர் போனைத் தொடவே கூடாது. சாலையைக் கடக்கும் ஆசையும் வேண்டாம். 2009-ல் அப்படிக் கடந்த ஒரு பெண்மணி போலீஸ் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தார்.

கூட்டம் என்றால் திருடர்களும் வருவார்கள். மோன்மார்த் உச்சியில் இருக்கும் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கலர் நூலோடு சிலர் நிற்பார்கள். சிரித்துக்கொண்டே வந்து மணிக்கட்டில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, காசு கொடு என்று மல்லுக்கு நிற்பார்கள். கோயில் வாசலில் கயிறு கட்டக் கையை நீட்டிப் பழகியவர்கள் நாம். யாராவது நூலோடு வந்தால் கை தானாக நீளும். கைகளைக் கட்டிக்கொண்டு, நிற்காமல் நடந்துவிடுங்கள். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்களும் அப்படித்தான்: நீங்கள் படிக்கும்போது கூட்டாளியின் கை உங்கள் பைக்குள் இருக்கும். மெட்ரோ முதலாம் தடத்திலும், விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.இ.ஆர். பி ரயிலிலும் கதவு மூடும் நொடியில் போனைப் பறித்துக்கொண்டு இறங்கி ஓடுவார்கள். கதவோரம் நிற்காதீர்கள். பாஸ்போர்ட்டைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

சாலையோரத்தில் நின்று பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மேடை இருக்கைகளையும் விருந்தினர் பகுதிகளையும் அமைப்பாளர்கள் அதிகாரபூர்வமாக விற்பார்கள். "நல்ல இடம் பிடித்துத் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவரை நம்பி ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பந்தயம் முடிந்ததும் மோன்மார்த்தில் அபெஸ் மெட்ரோவை நோக்கி எல்லோரும் ஓடுவார்கள். பாரிஸ் நகர எல்லைக்குள் மிக ஆழமான மெட்ரோ நிலையம் அது, 36 மீட்டர். லிஃப்ட்டுக்கு வரிசை நீண்டால், குறுகிய சுழல் படிக்கட்டில் கூட்டத்தோடு இறங்க வேண்டியிருக்கும். அங்கே போகாதீர்கள். குன்றின் கிழக்குப் பக்கமாக இறங்கி, பார்பேஸ் வழியாக நடந்தால் லாச்சப்பல் வந்துவிடும். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்கள், தமிழில் வழி கேட்கலாம். பார்பேஸ் சந்திப்பைத் தாண்டும்வரை மட்டும் போனை வெளியே எடுக்காதீர்கள். யாருக்காவது மயக்கமோ அடியோ என்றால் 112-ஐ அழையுங்கள். பக்கத்திலேயே தீயணைப்புப் படையோ முதலுதவிக்காரர்களோ நின்றால் நேராக அவர்களிடம் போங்கள், கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும்.